சர்வர் ரூம் இருந்த காலம்

சர்வர் நன்றாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத் திரையைப் பார்க்க வேண்டியதில்லை. கதவைத் திறந்ததும் காதில் விழும் சத்தமே சொல்லிவிடும். விசிறி வழக்கத்தைவிட ஓங்கிக் கூவினால் உள்ளே சூடு ஏறுகிறது. ஹார்ட்டிஸ்க் விட்டு விட்டுத் தட்டினால் அதற்கு நாள் நெருங்கிவிட்டது. கோவையில் நான் தொழில் கற்ற நூற்பாலை அலுவலகத்தில், சிஸ்டம் பிரிவின் மூத்தவர் முதல் பாடமாக எந்தக் கட்டளையையும் சொல்லித் தரவில்லை. "ரேக்குக்குப் பின்னாடி போயி கையை வெச்சுப் பாரு கண்ணு, எதுல காத்து சூடா வருதுன்னு சொல்லு" என்றார். சூடாக வந்த மெஷினை நிறுத்தி மூடியைக் கழற்றினோம். ஆலைப் பஞ்சு மெல்லிய கம்பளிபோல் விசிறியின் இதழ்களில் படிந்திருந்தது. புளோயர் வைத்து ஊதினோம். மறுபடி ஓடவிட்டதும் சத்தம் தணிந்ததைக் கேட்ட நிறைவு, பிறகு எத்தனையோ பெரிய வேலைகளை முடித்தபோதும் எனக்குக் கிடைக்கவில்லை.

ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு வேலை இருந்தது. மெயிலுக்கு ஒன்று, சம்பளக் கணக்குக்கு ஒன்று, நூல் இருப்புக்கு ஒன்று, வருகைப் பதிவுக்கு ஒன்று. ஒரு மென்பொருள் விழுந்தால் இன்னொன்றையும் இழுத்துக்கொண்டு விழக் கூடாது என்று, விற்றவர்கள் எல்லோரும் தங்களுக்குத் தனி மெஷின் கேட்டார்கள். அதனால் பெரும்பாலான நேரம் அவை மின்சாரத்தைக் குடித்துக்கொண்டு சும்மாவே நின்றன. 2012-ல் கோவையை மின்வெட்டு வாட்டியபோது, யுபிஎஸ் பாட்டரி இறங்க இறங்க எதை முதலில் அணைப்பது என்பதை மனப்பாடமாக வைத்திருந்தோம். சம்பளக் கணக்குதான் கடைசி. ஆயுத பூஜையன்று நூற்பு இயந்திரங்களுக்கு வைத்த அதே சந்தனமும் குங்குமமும் எங்கள் ரேக்கின் கதவுக்கும் உண்டு.

பிறகு மெய்நிகராக்கம் எங்கள் அறைக்குள் வந்தது. உலகத்துக்கு அது பழைய சங்கதி. ஒரு பெரிய கணினியைப் பல கணினிகளாகக் காட்டும் விஎம்/370-ஐ ஐபிஎம் 1972-லேயே அறிவித்துவிட்டது. ஆனால் நம் மேசைகளில் இருந்த எக்ஸ்86 சிப்பில் அது எளிதாக நடக்கவில்லை. அதன் சில ஆணைகள், தாங்கள் மெய்யான கணினியில் ஓடுகிறோமா மெய்நிகர்க் கணினியில் ஓடுகிறோமா என்று காட்டிக்கொடுத்துவிடும். தவறான விடையும் தரும். 1998-ல் டயான் கிரீன், மெண்டல் ரோசன்பிளம் உள்ளிட்ட ஐவர் தொடங்கிய விஎம்வேர், அந்த ஆணைகளை ஓட்டத்திலேயே மாற்றி எழுதி இந்தத் தடையைக் கடந்தது. 2005-ல் இன்டெல் சிப்பிலேயே அதற்கான வசதியைச் சேர்த்தது.

எங்களிடம் இருந்த வருகைப் பதிவு மெஷினுக்கு உதிரி பாகம் சென்னை ரிச்சி தெருவின் கணினிக் கடைகளில்கூடக் கிடைக்காமல் போயிருந்தது. அதன் டிஸ்க்கை அப்படியே ஒரு கோப்பாக மாற்றிப் புதிய சர்வரில் ஓடவிட்டபோது, இரும்பு போய்ச் சேர்ந்த பின்னும் அந்த மெஷின் தன் பழைய பெயருடன் உயிரோடிருந்தது. அதைவிட மெய்சிலிர்க்க வைத்தது ஓடும் மெஷினை இடம் மாற்றியதுதான். மெயில் சர்வர் பதில் சொல்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருக்கும் பிங் கட்டளை ஒரு ஜன்னலில் ஓடிக்கொண்டிருந்தது. மெயில் மெஷினை ஒரு சர்வரிலிருந்து அடுத்ததற்கு நகர்த்தினோம். வரி வரியாகப் பதில் வந்துகொண்டே இருந்தது. நடுவில் ஒரே ஒரு வரி தவறியது, அவ்வளவுதான். மாடியில் மெயில் எழுதிக்கொண்டிருந்த யாருக்கும் எதுவும் தெரியவில்லை. நினைவகத்தை முதலில் முழுதாக நகலெடுத்து, அதற்குள் மாறியதை மட்டும் திரும்பத் திரும்ப அனுப்பி, கடைசிக் கணத்தில் கைமாற்றுகிறது அந்த நுட்பம். இரண்டு சர்வர்களின் விளக்குகளையும் மாறி மாறிப் பார்த்தபடி நாங்கள் அங்கேயே நின்றோம்.

அந்த நகர்வில்தான் கிளவுட்டின் விதையும் இருந்தது. மெஷின் ஒரு கோப்பு என்றாகிவிட்டால், அது நம் அறையில்தான் இருக்க வேண்டும் என்று ஏதுமில்லை. 2003-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஸென் என்ற ஹைப்பர்வைசரை, அதாவது ஒரு கணினியில் பல மெய்நிகர்க் கணினிகளை ஓட்டும் மென்பொருளை, வெளியிட்டார்கள். அதன்மேல் நின்றுதான் 2006 ஆகஸ்டில் அமேசான் ஈசி2 சேவையைத் தொடங்கியது. ஒரு சிறிய மெஷினுக்கு அப்போது மணிக்கு 10 சென்ட் வாடகை. ஒரு கணினியைத் துண்டு போடுவது மெய்நிகராக்கம். அந்தத் துண்டைக் கேட்ட மாத்திரத்தில் தந்து, பயன்படுத்திய நேரத்துக்கு பில் போடுவது கிளவுட். 2016-ல் மும்பையிலேயே அமேசானின் தரவு மையங்கள் வந்தபின் எங்கள் நிர்வாகத்துக்குத் தயக்கம் தீர்ந்தது. ரேக் காலியானது, ஏசியைக் கழற்றி வேறு அறைக்கு மாட்டினார்கள்.

ஆலைக்கு அது நல்ல முடிவு. மின்வெட்டைப் பற்றி இன்று அங்கே யாரும் கவலைப்படுவதில்லை. நடுராத்திரி அழைப்பு வந்து பைக்கை எடுத்துக்கொண்டு ஓடுவதும் இல்லை. அந்த அறையை மறுபடி திறக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. ஆனால் இப்போது என் மெஷின் எந்தக் கட்டிடத்தில், எந்த ரேக்கில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் வழியில்லை. லினக்ஸின் 'டாப்' கட்டளையில் எஸ்டி என்று ஓர் எண் வரும். நம் மெஷின் சிப்புக்காகக் காத்திருக்க, ஹைப்பர்வைசர் அதை வேறு வேலைக்குக் கொடுத்த நேரம் அது. அந்த எண் ஏறும்போது மட்டும்தான், அடியில் இரும்பு இருப்பதும், அதை யாரோ முகம் தெரியாதவரோடு பகிர்ந்துகொள்வதும் உறைக்கிறது.

என் ஏக்கம் புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளைப் பற்றியதுதான். ஒரே ஸ்கிரிப்டில் ஐம்பது மெஷின்களை எழுப்பிவிடுகிறார்கள். அந்தத் திறமையை மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் தரவுத்தளம் மெதுவானால் பெரிய மெஷினுக்கு மாற்றுகிறார்கள், வாடகை ஏறுகிறது, வேகம் ஏறுவதில்லை. அந்த டிஸ்க் மெஷினுக்குள் இல்லை, நெட்வொர்க்கின் மறுமுனையில் தனி வரம்போடு இருக்கிறது என்பது அவர்களுக்குத் தோன்றுவதில்லை. மூடியைக் கழற்றி டிஸ்க்கையும் கேபிளையும் கையால் தொட்டுப் பார்த்தவனுக்கு முதலில் தோன்றுவதே அதுதான்.

அவர்களும் அப்படித் தொட்டுக் கற்கப் பெரிய செலவு வேண்டியதில்லை. 2007 முதல் லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே கேவிஎம் என்ற ஹைப்பர்வைசர் இருக்கிறது. அதன்மேல் அமைந்த, மெய்நிகர்க் கணினிகளை நிர்வகிக்கும் பிராக்ஸ்மாக்ஸ் இலவசமாகவே கிடைக்கிறது. பத்து வருடப் பழைய சர்வரிலும் இரண்டும் நன்றாக ஓடும். உங்கள் நிறுவனமும் கிளவுட்டுக்குப் போகிறதென்றால், பழைய சர்வர்களை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். தரவை முழுதாக அழித்துவிட்டு, இரண்டையாவது பக்கத்திலுள்ள பாலிடெக்னிக்குக் கொடுங்கள். மூடியைக் கழற்றும் ஸ்க்ரூடிரைவரையும் சேர்த்துக் கொடுங்கள்.