தேனீயின் சாட்சி

சிலாபத்திலிருந்து தெற்கே மாரவிலவை நோக்கிக் கடலோரமாகச் செல்பவனுக்கு, வலப்புறத்தில் ஓயாத அலையோசையும், இடப்புறத்தில் ஒரு காலத்திலே சரக்கேற்றிய படகுகள் ஊர்ந்து சென்ற ஒல்லாந்தர் கால்வாயின் அமைதியும், இரண்டுக்கும் நடுவே வானை மறைத்து நிற்கும் தென்னந்தோப்புகளும் வழித்துணையாக வரும். அத்தோப்புகளில் ஒன்றின் ஓரத்திலே, கிடுகு வேய்ந்த கூரையும் மணல் தரையும் உடையதாய், என் பால்ய காலத்தில் ஒரு கள்ளுத்தவறணை இருந்தது. நான் அங்கே சென்றது குடிப்பதற்கன்று. சனிக்கிழமை மாலைகளில் அப்பத்துக்கு மாக் குழைக்கும் அம்மம்மா, அது பொங்குவதற்காகச் சிறிது கள் வேண்டி, ஒரு சிறு போத்தலைக் கையில் தந்து, "பொழுது சாயமுன்னம் வாங்கிக்கொண்டு ஓடி வா" என்று அனுப்புவாள். வரும் வழியெல்லாம் போத்தலின் வாயில் நுரை பொங்கி என் விரல்களை நனைக்கும். மறுநாட்காலை அப்பத்தின் நடுவே மெத்தென்று எழும்பி நிற்கும் வெண்மையையும் அதன் இலேசான புளிப்பு மணத்தையும், ஈஸ்ட் கலந்த இக்காலத்து அப்பங்களில் நான் கண்டதில்லை.

அந்தத் தவறணை மூடப்பட்டபோது ஊரில் எவரும் அதனைப் பெரிய சம்பவமாகக் கருதவில்லை. வென்னப்புவ, மாரவில பகுதிகளிலிருந்து இளைஞர்கள் கூட்டங்கூட்டமாக இத்தாலிக்குப் புறப்பட்ட காலம் அது. தந்தை ஏறிய மரத்தில் மகன் ஏறவில்லை, தந்தையும் மூப்படைந்தார், மரங்கள் நின்றன, முட்டிகள் இறங்கின. எஞ்சிய தவறணைகள் பலவற்றிலோ, சீனியையும் தண்ணீரையும் கலந்து நொதிக்கவைத்த செயற்கைக் கள் புகுந்தது; பெயர் பழையதாகவும் பொருள் போலியாகவும் ஆன பின்பு, அவற்றின்மீது ஊராருக்கு இருந்த அபிமானமும் தேய்ந்து போயிற்று.

அத்தகைய நிலையில், இத்தாலியிலிருந்து திரும்பிய ஒருவர் தம் தந்தையின் தோப்பிலே அதே தவறணையை முறைப்படி அனுமதி பெற்று மீண்டும் திறந்திருக்கிறார் என்ற செய்தி கேட்டு, மாமாவை அழைத்துக்கொண்டு ஒரு விடியற்காலையில் அங்கே சென்றேன். கூரை புதியது, மணல் தரை மட்டும் பழையதுபோலவே பெருக்கி வைக்கப்பட்டிருந்தது. அறுபதைக் கடந்த ஒரு சீவல் தொழிலாளி, மரத்துக்கு மரம் கட்டிய கயிறுகளின்மீது, கீழே இறங்காமலே தோப்பின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடந்துகொண்டிருந்தார். விரியாத பாளையை இறுகக் கட்டி, நாட்கணக்காகச் சிறு தடியால் பதமாகத் தட்டி, அதன் நுனியை மெல்லிய இதழாகச் சீவிவிட்டால்தான் சாறு துளிக்கத் தொடங்கும். தட்டும் கை சற்று ஓங்கினால் பாளை கன்றிவிடும், சற்றுத் தளர்ந்தால் சுரக்காது. காலையும் மாலையும் ஏறிச் சீவியும், நல்ல மரமொன்று ஒரு நாளில் தருவது ஒன்று முதல் இரண்டு லீற்றர்தான்.

அவர் இறங்கி வந்து, தென்னையின் மட்டையடியில் விளையும் பன்னாடையைக் குடத்தின் வாயில் விரித்து, முட்டியைச் சாய்த்தார். வெண்ணுரையோடு கள் கீழே வடிய, பன்னாடையின்மேல் ஏழெட்டுத் தேனீக்களும் ஒரு சிற்றெறும்புக் கூட்டமும் தங்கின. "இதப் பாருங்க தம்பி, தேனீ கிடக்குது. சீனித் தண்ணிக்கு மரத்துல ஏறி வந்து இது விழாது" என்றார். எந்த அதிகாரியின் முத்திரையும் தரமுடியாத உறுதியை அந்தச் சின்னஞ்சிறு பிராணிகள் எனக்கு அளித்தன.

கள்ளின் இயல்பு விசித்திரமானது. பாளையிலிருந்து சொட்டும் வேளையில் அது நூற்றுக்கு ஏறத்தாழ 15 பங்கு சர்க்கரை உள்ள இனிய நீர்; முட்டியிலும் காற்றிலும் வாழும் நுண்ணுயிர்கள் சில மணி நேரத்திலே அதனை மதுவாக்குகின்றன; நாட்கள் சில சென்றால் அதுவே வினாகிரியாகிறது. ஆதலின் அது தூர தேசம் செல்லும் பானமன்று. பியர் கப்பலேறும், வடித்தெடுத்த சாராயம் மரப்பீப்பாயில் ஆண்டுக்கணக்காக உறங்கும், கள்ளோ, பிறந்த மரத்தின் நிழலிலே, பிறந்த நாளிலே அருந்தப்பட வேண்டியது. தவறணை என்பது ஊரோடு ஒட்டிய ஸ்தாபனமாக இருந்ததற்குக் காரணம் இதுவே என்று நான் எண்ணுகிறேன்.

மதுவின் தீமையை நான் அறியாதவனல்லன். திருவள்ளுவர் கள்ளுண்ணாமைக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். அதே வேளையில், அதியமான் தனக்குக் கிடைத்த கள்ளை ஔவையோடு பகிர்ந்துண்டதையும் நம் புறநானூறே சொல்கிறது. 1912ஆம் ஆண்டில் அரசு கள்ளுத்தவறணைகளைப் பெருக்க முனைந்தபோது இலங்கையெங்கும் மதுவிலக்கு இயக்கம் கிளர்ந்தெழுந்தது. பின்னாளில் முதற் பிரதமரான டி. எஸ். சேனாநாயக்க போன்றோரின் பொதுவாழ்வு அவ்வியக்கத்திலேதான் அரும்பியது. கூலியைத் தவறணையில் தொலைத்தவனின் வீட்டில் அடுப்பெரியாத இரவுகளை அவர்கள் கண்டிருந்தார்கள். அவர்களுடைய கோபம் நியாயமானது. ஆயினும் மரத்தடித் தவறணை மூடப்பட்டதால் எங்கள் கரையிலே குடி ஒழிந்துவிடவில்லை. அளவோடு அருந்திப் பேசிக் கலையும் இடம் போய், போத்தலை வாங்கி மறைவில் நின்று குடித்துவிட்டுப் போகும் வழக்கமே வந்தது. ஒழிந்தது ஒரு தொழில்.

அந்தத் தவறணையிலே அன்று விற்பனைக்கு இருந்தது, அத்தோப்பிலே அன்று இறங்கிய கள் மட்டுமே. முற்பகலுக்குள் அது தீர்ந்துவிட்டது. தீர்ந்த பின்பு வந்தவர்களை உரிமையாளர், "நாளைக்கு வாங்க அண்ணே" என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். அந்த நேர்மைதான் புனருத்தாரணம். கூரையைப் புதுப்பிப்பது எளிது. இருபது வயது இளைஞன் ஒருவன் அந்தப் பெரியவரிடம் பாளை தட்டப் பழகுகிறான் என்பதையும் அங்கே கண்டேன். அவனுக்கு நியாயமான ஊதியமும், உயரத்தில் உழைப்பவனுக்குரிய காப்புறுதியும், தொழிலுக்குரிய மரியாதையும் கிடைத்தாலன்றி இக்கதை மீண்டும் இத்தாலிக்கே போய் முடியும்.

எங்கள் கரைக்கு வரும் அன்பர்களிடம் நான் வேண்டுவது ஒன்றே. தவறணையிலோ அப்பக்கடையிலோ அமரும்போது, இன்று மரம் ஏறியவர் யார் என்று கேளுங்கள். உரிமையாளர் தயங்காமல் ஒருவரைக் கைகாட்டினால், அங்கே அமருங்கள்.