வெள்ளரளி அல்லாத வெள்ளரளி

ரிச்சர்ட்ஸ் டவுனில் மகள் வீட்டிற்கு வந்திருந்த கும்பகோணத்து மூதாட்டி, மதிலோரப் புதரைக் கண்டதும் வெள்ளரளி என்றே எண்ணிப் பூப் பறிக்கத் தொடங்கினார். நிறத்தை நம்பினால் இப்படித்தான். நான்கு வயதுப் பேரன் அதன் அடியில் பச்சைக் காயொன்றை உருட்டிக்கொண்டிருந்ததைக் கண்டபோதுதான் ஐயம் எழுந்தது. அரளிக்கு ஏது உருண்டைக் காய்? நீண்ட நெற்றன்றோ அதற்கு. வெடித்தால் விதை பஞ்சோடு பறந்துவிடும்.

கிளையைத் திருப்பிப் பார்த்தார். அரளியில் கணுவுக்கு மும்மூன்று இலைகள் சுற்றி நிற்கும். இதில் தனித்தனியே மாறி நின்றன. ஒடித்த காம்பில் வெண்பால் வடிந்தது. அரளிச் சாறோ நீர்போல் இருக்கும். அது மெக்சிகோ, நடு அமெரிக்கப் பகுதிகளிலிருந்து வந்த பொன்னரளியின் வெண்பூ வகை. அகநானூற்றின் கணவிரமாகிய செவ்வலரிக்கு உறவுதான். இரண்டிலும் இதயத் துடிப்பைக் குலைக்கும் நஞ்சு உண்டு. 2024 மே மாதம் திருவிதாங்கூர் தேவசம் போர்டு அரளிப்பூவை நைவேத்தியத்திலிருந்து விலக்கியபோது பேச்செல்லாம் பூவையும் இலையையும் பற்றியே இருந்தது. பொன்னரளியிலோ மிகக் கொடியது காய்க்குள் இருக்கும் விதை. அது குழந்தையின் கைக்கெட்டும் தரையில் உதிர்ந்து கிடக்கிறது.

பேரனின் வாயைத் திறந்து பார்த்து, கையைக் கழுவிவிட்டு, காய்களைப் பொறுக்கினார். 11 இருந்தன. பறித்த பூக்கள் வழக்கம்போல் பூசைக்குச் சென்றன.