ஹாமர்ஸ்மித் கொட்டகை

ஈஸ்ட் ஹாம், லண்டன்

அன்புள்ள மச்சான்,

மகள் வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை, குளிர்தான் படுத்துகிறது. தெருவில் இறங்கினால் முருங்கைக்காயும் கிடைக்கிறது, தமிழ்ப் பேச்சும் காதில் விழுகிறது. அரண்மனை, கோபுரம், ராட்டினம் எல்லாம் பார்த்தாயிற்று. அதையெல்லாம் போட்டோவில் பார்த்துக்கொள். புரொஜெக்டரில் கார்பன் குச்சியோடு காலம் தள்ளிய ஆப்பரேட்டர் உனக்கு நான் எழுத வேண்டியது ஒரு சினிமாக் கொட்டகையைப் பற்றி.

2025 மார்ச் 8ஆம் தேதி இளையராஜா லண்டனில் தன் 'வேலியன்ட்' சிம்பொனியை அரங்கேற்றினாரே, அந்த இடம்தான். செய்தியில் 'ஈவென்டிம் அப்போலோ அரங்கம்' என்று போட்டார்கள். பெயரைக் கேட்டால் யாரும் சங்கீத சபா என்றுதான் நினைப்பார்கள். அசலில் அது டிக்கெட் கிழித்துப் படம் ஓட்டிய கொட்டகை, மச்சான்.

ஈஸ்ட் ஹாமிலிருந்து பச்சைக் கோட்டு ரயிலில் ஏறினால் மாறாமல் ஹாமர்ஸ்மித்தில் இறங்கிவிடலாம். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் ஒரு மேம்பாலம், லாரியும் காரும் ஓயாமல் இரைகிறது. அதன் ஓரத்தில் அகலமாய், லேசாக வளைந்த முகப்போடு கட்டடம் நிற்கிறது. கும்பகோணத்துத் தூணோ கோபுரமோ எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். உள்ளே போனால்தான் அதன் மவுசு தெரியும். மருமகன் ஏதோ ஒரு பாட்டுக் கச்சேரிக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்தார். கச்சேரி என் காதுக்கு எட்டவில்லை, நான் கட்டடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

1932 மார்ச் 28இல் 'கௌமான்ட் பேலஸ்' என்ற பெயரில் திறந்தார்கள். கட்டியவர் ராபர்ட் குரோமி என்ற கட்டடக்கலைஞர். சுமார் 3,500 பேர் உட்காரலாம். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார். அதற்கு ஐந்து மாதம் முன்னால்தான், 1931 அக்டோபர் 31இல், சென்னை கினிமா சென்ட்ரலில் நம் முதல் பேசும் படம் 'காளிதாஸ்' வெளியானது. நம் பேசும் படமும் இந்தக் கொட்டகையும் ஏறக்குறைய ஒரே வயது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் காலத்தில் இங்கே படத்தோடு மேடை நிகழ்ச்சியும் சேர்த்துக் கொடுப்பது வழக்கம். ஒரு படம் முடிந்ததும் ஆட்டக்காரிகள், கோமாளிகள், பாட்டுக்காரர்கள் வந்துபோவார்கள், பிறகு அடுத்த படம். அதனால் திரைக்குப் பின்னால் ஆழமான, முழு மேடை. பக்கத்தில் வேஷம் போடும் அறைகள். மேடைக்கு முன்னே நான்கு அடுக்குக் கட்டை வைத்த காம்ப்டன் ஆர்கன். சினிமா ஓட்டத்தான் கட்டினார்கள், ஆனால் ஆள் நின்று பாடவும் ஆடவும் இடம் விட்டுக் கட்டினார்கள். பின்னாளில் படத்துக்குக் கூட்டம் குறைந்தபோது கட்டடத்தைக் காப்பாற்றியது அந்த மேடைதான். நீ வேலை பார்த்த கொட்டகையில் திரைக்குப் பின்னால் என்ன இருந்தது? ஸ்பீக்கர் பெட்டி, அதன் பின்னே சுவர், இடையில் வௌவால். நீயே சொல்லிச் சிரித்ததுதான்.

பிறகு இங்கே வந்து பாடியவர்கள் பட்டியல் நீளம். 1958இல் பட்டி ஹோலி. 1962இல் பெயர் 'ஹாமர்ஸ்மித் ஓடியன்' ஆனது. 1964 கிறிஸ்துமஸ் முதல் அடுத்த ஜனவரி பாதி வரை பீட்டில்ஸ் மட்டும் 38 காட்சிகள், நம் ஊரில் எம்.ஜி.ஆர். படத்துக்குப் பகல் காட்சி சேர்ப்பதைப் போல ஒரே நாளில் இரண்டு காட்சி கூட. 1973 ஜூலை 3இல் டேவிட் போவி, தான் பூண்டிருந்த 'ஜிக்கி ஸ்டார்டஸ்ட்' வேஷத்தை இந்த மேடையில்தான் கலைத்தார். 2014இல் கேட் புஷ் 22 இரவுகள் பாடினார். இதில் ஒரு வேடிக்கை: மோட்டார்ஹெட் என்ற குழு 1981இல் ஹாமர்ஸ்மித் பெயரைத் தலைப்பில் வைத்து ஒரு மேடைப் பதிவு வெளியிட்டது. அதில் ஒரு பாட்டுக்கூட இங்கே பதிவானதல்ல. கொட்டகையின் பெயருக்கே அவ்வளவு மதிப்பு.

அந்தப் பெயர்தான் நிலையாக இல்லை. ஒரு பீர் கம்பெனி, இன்னொரு பீர் கம்பெனி, ஒரு இசைத்தட்டுக் கடை என்று காசு கொடுத்தவர்கள் பெயரெல்லாம் வாசலில் ஏறி இறங்கின. இப்போது இருப்பது ஜெர்மன் டிக்கெட் கம்பெனியின் பெயர். எனக்கு இது பிடிக்கவில்லை. ஆனாலும் பெயர்ப் பலகை மாறியதே தவிர சுவர் மாறவில்லை. 1990இல் இதைப் பாதுகாக்க வேண்டிய கட்டடங்களின் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். அதன்பிறகு சொந்தக்காரரே நினைத்தாலும் இஷ்டத்துக்கு இடிக்க முடியாது. 2013இல் பழுது பார்த்தபோது முன்கூடத்துக் கம்பளத்தை உரித்தார்கள். அடியில் 1932இல் போட்ட தரை அப்படியே இருந்தது. குனிந்து தொட்டுப் பார்த்தேன், வழவழவென்று குளிர்ச்சியாக இருந்தது. காவலுக்கு நின்ற பையன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

இருக்கையிலும் ஒரு சூட்சுமம் உண்டு. கீழ்த்தளத்து நாற்காலிகளைக் கழற்றிவிடலாம். கழற்றினால் கீழே நிற்பவர்களும் மாடியில் உட்கார்ந்தவர்களுமாகச் சுமார் 5,000 பேர் கேட்கலாம். தரை டிக்கெட் இங்கேயும் உண்டு மச்சான், விலைதான் கிட்ட நெருங்க முடியாது!

ஒன்றை மட்டும் குறையாகச் சொல்வேன். சிம்பொனி மைக் இல்லாமல் கேட்க வேண்டிய சங்கீதம். வயலினின் நாதத்தைச் சுவரும் கூரையும் ஏந்தி, கேட்பவரிடம் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். பேசும் படத்துக்குக் கட்டிய கொட்டகை அப்படிச் செய்யாது. எதிரொலித்தால் வசனம் புரியாது என்று சத்தத்தை உறிஞ்சத்தான் பார்க்கும். சிம்பொனிக்கென்றே வேறு அரங்கங்கள் இந்த ஊரில் இருக்கின்றன. ஆனால் அன்று இளையராஜாவுக்காகத் திரண்ட கூட்டத்துக்கு இவ்வளவு பெரிய இடம் வேண்டியிருந்தது.

யோசித்துப் பார்த்தால் அவருக்கு இது பொருந்தாத இடமும் இல்லை. அண்ணன் பாவலர் வரதராஜனோடு ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு கட்சி மேடைகளில் திறந்தவெளியில் வாசித்தவர். 1976இல் 'அன்னக்கிளி' வந்தபோது அவர் பாட்டை நமக்குக் கொண்டுவந்தது சபா அல்ல, கொட்டகைக் குழாய்தான். 1993இலேயே அவர் எழுதிய ஒரு சிம்பொனியை லண்டன் ராயல் பில்ஹார்மோனிக் குழுவினர் வாசித்துப் பதிவும் செய்தார்கள். அது வெளிவரவே இல்லை. மார்ச் 8 மாலை அதே ராயல் பில்ஹார்மோனிக் பெயர் தாங்கிய குழு வாசிக்க, மிக்கேல் டாம்ஸ் நடத்த, அவர் சிம்பொனி ஒரு பழைய சினிமாக் கொட்டகையில் ஒலித்தது. ரமண மகரிஷிமேல் அவருக்குள்ள பக்தியால் நம் திருவண்ணாமலையை அவர் மறப்பதில்லை. நம் ஊர்க்காரன் என்று சொந்தம் கொண்டாட நமக்கும் கொஞ்சம் பாத்தியதை இருக்கிறது.

நம் பக்கம் என்ன நடக்கிறது? மதுரை தங்கம் தியேட்டர், 1952இல் 'பராசக்தி' ஓடிய பெரிய கொட்டகை, இடிபட்டு ஜவுளிக்கடை ஆனது. செஞ்சி சாலையோரம் மூடிய கொட்டகை கல்யாண மண்டபம் ஆகிறது, இல்லையென்றால் மணிலா மூட்டை அடுக்கும் குடோன். புரிசையில் தெருக்கூத்து ஆசான் கண்ணப்ப தம்பிரான் வழியில் வந்தவர்கள் இன்னும் கூத்து கட்டுகிறார்கள். நம் மாவட்டத்துக் கூத்தை வெளிநாட்டான் அரங்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறான். மழைக்கு ஒதுங்கி ஆட நம் ஊரில் கூரை போட்ட மேடை ஒன்று இல்லை.

எல்லாக் கொட்டகையையும் காப்பாற்று என்று சொல்லவில்லை. உனக்கு இன்னும் பழைய முதலாளிகளிடம் பேச்சுவார்த்தை உண்டு. அடுத்து எது விலைக்கு வந்தாலும் இடிக்குமுன் திரைக்குப் பின்னால் எத்தனை அடி இருக்கிறது என்று அளந்து எனக்கு எழுது. இருபது அடி தேறினால் பஞ்சாயத்தில் நானே வந்து பேசுகிறேன்.

இப்படிக்கு,
உன் மச்சான்