அணைத்துப் போடுவதற்கு முன்

வீட்டில் எது மக்கர் செய்தாலும் இப்போது குழந்தைகள்கூட ஒரே வைத்தியம்தான் சொல்கின்றன: ஆஃப் பண்ணி ஆன் பண்ணு. வைஃபை பெட்டிக்கும் அதுதான், டிவிக்கும் அதுதான். தப்பென்று சொல்ல மாட்டேன், பெரும்பாலும் பலிக்கவும் செய்கிறது. பலிப்பதுதான் அதிலுள்ள வம்பு. ஏன் வந்தது என்று யாரும் கேட்பதற்குள் காய்ச்சல் இறங்கிவிடுகிற மாதிரி. இறங்கியது திரும்ப ஏறும்போது, போன தடவை என்ன நடந்தது என்று சொல்ல வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

என் பாதி ஆயுள் அலுவலக டெலிபோன் பெட்டிகளோடு போயிற்று. கோயம்புத்தூர்ப் பக்கத்து மில் ஆபீஸ்கள், லாட்ஜுகள், ஆஸ்பத்திரிகள் என்று எல்லா இடத்திலும் மாடிப்படிக்கு அடியிலோ பழைய ஃபைல் அடுக்குகிற அறையிலோ சுவரில் மாட்டிய ஒரு தகரப் பெட்டி இருக்கும். இ.பி.ஏ.பி.எக்ஸ். என்று முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட யாருக்கும் பொறுமை கிடையாது. ‘எக்ஸ்சேஞ்ச்’ என்பார்கள், கோபம் வந்தால் ‘அந்தச் சனியன்’ என்பார்கள். 1984-ல் மத்திய அரசு தொடங்கிய சி-டாட், 128 இணைப்புள்ள சின்ன எக்ஸ்சேஞ்சை இங்கேயே வடிவமைத்து, அதைத் தயாரிக்கும் உரிமத்தைப் பல கம்பெனிகளுக்குக் கொடுத்தது. ஏ.சி. இல்லாமலே நம் வெயிலிலும் தூசியிலும் ஓடும்படி செய்தது அவர்களுடைய சாமர்த்தியம். அதைக் கேள்விப்பட்டுத்தானோ என்னவோ, நம் முதலாளிகள் எந்தக் கம்பெனிப் பெட்டியை வாங்கினாலும் காற்றே நுழையாத மூலையாகப் பார்த்து மாட்டிவிடுவார்கள்.

இந்தத் தானியங்கி எக்ஸ்சேஞ்சின் பிறப்பிலேயே ஒரு சந்தேகக் கதை உண்டு. அமெரிக்காவில் கான்சாஸ் சிட்டியில் பிணம் அடக்கும் தொழில் செய்துவந்த ஆல்மன் ஸ்ட்ரோஜர் என்பவர் 1891-ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். டெலிபோன் ஆபரேட்டர் பெண்மணி தனக்கு வரவேண்டிய வாடிக்கையைப் போட்டிக்காரருக்குத் திருப்பிவிடுகிறாள் என்று அவர் நம்பியதாகவும், ஆபரேட்டரே இல்லாத எக்ஸ்சேஞ்ச் செய்கிறேன் என்று அந்தக் கடுப்பில் இறங்கியதாகவும் சொல்வார்கள். உண்மையோ பொய்யோ, போனில் கோளாறு வந்தால் முதல் பழி போர்டில் உட்கார்ந்திருப்பவர் மேல்தான் என்பதை நான் போன இடமெல்லாம் பார்த்தேன்.

ஸ்ட்ரோஜர் முறையில் ஒரு வசதி இருந்தது. ஒவ்வொரு அழைப்புக்கும் தனித்தனி இரும்புக் கை எழுந்து, திரும்பி, தொட வேண்டிய கம்பியைத் தொடும். ஒரு கை சிக்கினால் ஒருவருக்குத்தான் கஷ்டம். மின்னணு எக்ஸ்சேஞ்சில் அப்படியில்லை. ஒரே ஒரு புராசசர், ‘நீ ரிசீவரை எடுத்தாயா, நீ எடுத்தாயா’ என்று ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனையும் நொடிக்குப் பலமுறை சுற்றிச் சுற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கும். அது மலைத்து நின்றுவிட்டால் எடுத்தது யாரென்று பார்க்க ஆள் இல்லை. ஆபீஸ் மொத்தமும் அம்பேல்.

எண்பதுகள் முடிந்த சமயம், அப்படி அடிக்கடி நின்றுபோகும் பெட்டி ஒன்று ஒரு பஞ்சாலையின் ஆபீஸில் இருந்தது. மில்லின் பெயர் வேண்டாம். ஆறு வெளி லைன், நாற்பது சொச்சம் எக்ஸ்டென்ஷன். நின்றுபோனால் எல்லாப் போனும் செத்துவிடும் என்று நினைக்காதீர்கள். ஏற்கெனவே பேசிக்கொண்டிருப்பவர்கள் பேசிக்கொண்டே இருப்பார்கள். அவர்களுக்குப் போட்ட இணைப்பு போட்டபடியே நிற்கும். புதிதாக ரிசீவரை எடுப்பவருக்குத்தான் டயல் டோன் வராது. ஆபரேட்டர் மேஜையில் எரிந்த விளக்கு எரிந்தபடியே இருக்கும், எந்தப் பொத்தானை அமுக்கினாலும் அசையாது.

அந்த மில்லின் மேனேஜர் பம்பாய் நூல் வியாபாரிகளிடம் அரைமணி நேரத்துக்குக் குறையாமல் பேசுகிறவர். ஆபீஸே போன் இல்லாமல் தவிக்கும் நேரத்தில் அவர் மட்டும் சுகமாகப் பேசிக்கொண்டிருப்பார். “என் போன் நல்லாத்தானே இருக்குது?” என்பார். பெட்டியை அணைத்துப் போட்டால் அறுபடுவது அவருடைய பேச்சு. ஆக, அவர் கணக்கில் போன் கெடுவதே ஆபரேட்டர் கை வைப்பதால்தான். அந்த அம்மாவை நாங்கள் எல்லோரும் அக்கா என்போம். கயிறு செருகும் பழைய போர்டு காலத்திலிருந்து அந்த நாற்காலியில் இருந்தவர். மேனேஜர் எப்போது ரிசீவரை வைப்பார் என்று கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பார். வைத்த மறுகணம் மாடிப்படிக்கு அடியில் ஓடிப்போய் சுவிட்சைத் தட்டுவார்.

எங்கள் கம்பெனிக்கு ஏ.எம்.சி. என்கிற வருடப் பராமரிப்பு ஒப்பந்தம் வருவதற்கு முன்னால் பலர் வந்து பார்த்திருந்தார்கள். ஒருவர் புராசசர் கார்டை மாற்றினார், மூன்று வாரம் ஒழுங்காக ஓடியது. அடுத்தவர் பவர் சப்ளையை மாற்றினார், அதற்கும் மூன்று வாரம். இன்னொரு புண்ணியவான் எர்த் குழியில் உப்பும் கரியும் போட்டுக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார். அதுவும் மூன்று வாரத்துக்குப் பலித்தது. விற்பனைப் பிரதிநிதி ஒருவர், “மாசக் கடைசில கால் ஜாஸ்தி சார், இந்தப் பெட்டி தாங்காது, பெருசு போட்டுடலாம்” என்று கொட்டேஷனே கொடுத்துவிட்டார்.

எனக்கு அப்போது இளவயதுத் திமிர். இடுப்பில் கம்பி செருகும் குரோன் டூல், தோளில் மல்டிமீட்டர் பை. ஸ்கூட்டருக்கு ஸ்டாண்டு போடுவதற்குள் வியாதி இன்னதென்று சொல்லிவிட வேண்டும் என்கிற அவசரம். என்னை அழைத்துப்போன சீனியர் திருநெல்வேலிக்காரர், அண்ணாச்சி என்போம். பெட்டியைத் திறப்பதற்கு முன் ஆபரேட்டர் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து டீ குடிப்பார். இந்த மனுஷர் வேலைக்கு வந்தாரா விருந்துக்கு வந்தாரா என்று எனக்கு எரிச்சலாக வரும்.

“நிக்கதுக்கு முந்தி என்னம்மா நடக்கு?” என்று கேட்டார்.

அக்கா கொஞ்ச நேரம் அவரையே பார்த்தார். “இதுவரைக்கும் ஒருத்தரும் அதைக் கேக்கலீங்க சார். எத்தனை மணிக்குச் சரியாகும்னுதான் எல்லாரும் கேப்பாங்க” என்றார். பிறகு மேஜை டிராயரிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்தார். வெளியூர் கால்களைப் பதிவு செய்யும் நோட்டு: தேதி, மணி, எந்த ஊர், எந்த டிபார்ட்மென்ட், எத்தனை நிமிடம். பெட்டி நின்றுபோன ஒவ்வொரு தடவையும், அந்த நேரத்து வரிக்குப் பக்கத்தில் ஓரமாகப் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தார். யாரும் போடச் சொல்லவில்லை. “எம்மேல பழி வர்றப்ப காட்டறதுக்குங்க” என்றார். காட்டும்படி யாரும் கேட்கவுமில்லை.

அண்ணாச்சி எச்சில் தொட்டுப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். மாதம் பிறந்து மூன்று வாரம்வரை ஓரம் வெள்ளையாக இருந்தது. கடைசி வாரத்தில் குறிகள் கூட்டமாக நின்றன, அதுவும் மதியம் மூன்று மணிக்கு மேல். மூன்று வார வைத்தியத்தின் ரகசியம் அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. மாதக் கடைசியில் அலறியடித்துக்கொண்டு கூப்பிடுவார்கள். வந்தவர் எதையாவது மாற்றுவார். மாதம் பிறக்கும், பெட்டி தானாகவே ஒழுங்காகும். அவரவர் தம் கைராசி என்று நினைத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். கார்டு மாற்றியவரும் அனுபவஸ்தர், உப்புப் போட்டவரும் அனுபவஸ்தர். அனுபவம் கற்றுத்தரும் என்கிறோமே, தப்பானதையும் அது அதே உறுதியோடு கற்றுத்தரும். கூடவே ஒரு நோட்டு இருந்தால்தான் எது எதென்று பிரித்துப் பார்க்க முடிகிறது.

கால் ஜாஸ்தி என்ற பிரதிநிதியின் வாதத்தையும் அதே நோட்டு முடித்துவைத்தது. திங்கள் காலைப் பக்கங்களில் அடைமழைபோல் கால்கள், ஓரத்தில் ஒரு குறி இல்லை.

“நிக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடி இந்த டியூப்லைட் ஒருக்கா சிமிட்டுங்க” என்று அக்கா மேலே கையைக் காட்டினார்.

அன்று அண்ணாச்சி பெட்டியைத் திறக்கவேயில்லை. மாதக் கடைசியில் வருகிறோம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். சொன்னபடி போனோம், மதியம் பூராவும் உட்கார்ந்திருந்தோம். குமாஸ்தாக்கள், “கம்பெனில இருந்து ரெண்டு பேர் வந்து சும்மா உக்காந்திருக்காங்க” என்று காதில் விழும்படியே பேசிக்கொண்டார்கள். எனக்கு நெளிந்தது. மூன்றரை மணி சுமாருக்கு டியூப்லைட் சிமிட்டியது, விளக்குகள் உறைந்தன. என் கை தானாகச் சுவிட்சுக்குப் போனது. அண்ணாச்சி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். “இருடே, அது எங்கயும் ஓடிறாது.”

அந்த அமைதியில்தான் பக்கத்து அறைச் சத்தம் கேட்டது. ஜெராக்ஸ் மெஷின். மாதக் கடைசி ஸ்டேட்மென்டுகளுக்கெல்லாம் நகல் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மையைத் தாளில் உருக்கி ஒட்ட அதற்குள் ஒரு சூட்டு உருளை உண்டு. அது சூடேறும் ஒவ்வொரு முறையும் கரண்டை மடமடவென்று குடிக்கும். டெலிபோன் பெட்டிக்கும் அதற்கும் ஒரே லைன். அந்த லைனில் வோல்டேஜ் ஒரு கணம் படுத்து எழுந்தது.

படுத்தால் என்ன, அதற்குத்தானே பேட்டரி? டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் 48 வோல்ட்டில் ஓடுவது. 12 வோல்ட் பேட்டரி நான்கை வரிசையாகக் கோத்து, சார்ஜரோடு எப்போதும் இணைத்தே வைத்திருப்பார்கள். வெளியே கரண்ட் தள்ளாடினாலும் உள்ளே தெரியாது. அண்ணாச்சி மீட்டரை வைத்தார். 54 வோல்ட்டுக்குப் பக்கத்தில் காட்டியது. எல்லாம் சரியாக இருக்கிறதே என்றேன். சார்ஜர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மறுபடி ஒவ்வொன்றாக அளக்கச் சொன்னார். மூன்று பேட்டரி 12-க்கு மேல் நின்றன. நான்காவதன் முள் என் கண்ணெதிரே வழுக்கிக்கொண்டு போய் ஐந்துக்கும் கீழே இறங்கியது. அதன் வயிறும் லேசாக உப்பியிருந்தது. சார்ஜர் தாங்கிப் பிடித்திருக்கும்வரை செத்த பேட்டரியும் உயிரோடு இருப்பதுபோலத்தான் காட்டும். சுமையோடு தனியாக நிற்கவைத்து அளந்தால்தான் உண்மை தெரியும்.

கரண்ட் முழுசாகப் போயிருந்தால் பெட்டி சுத்தமாக அணைந்து, வந்ததும் புதிதாக எழுந்திருக்கும். வோல்டேஜ் அரைகுறையாக இறங்கி ஏறும்போதுதான் புராசசர் தடம் மாறி எங்கேயோ போய் மாட்டிக்கொள்கிறது. கேட்டுப் பார்த்தால், மில்லில் கரண்ட் போகும்போதெல்லாம் போனும் கூடவே போய்க்கொண்டுதான் இருந்திருக்கிறது. அதை யாரும் கோளாறாகவே எண்ணவில்லை. கரண்ட் போனால் போன் போகக்கூடாது என்பதே அந்த ஆபீஸுக்கு மறந்துபோயிருந்தது.

மேனேஜர், “செத்தது ஒண்ணுதானேங்க, ஒண்ணு மட்டும் மாத்துங்க” என்றார். அண்ணாச்சி மசியவில்லை. வரிசையில் கோத்த பேட்டரிகளில் புதிதும் பழசும் ஒரே மாதிரி சார்ஜ் ஏறாது, பழசின் பலவீனத்தில் புதிதும் சீக்கிரம் கெடும். நான்கையும் மாற்ற வைத்தார். மாடிப்படி அடியில் வேகிற சூட்டையும் காட்டினார். பத்து டிகிரி கூடினால் இந்தவகை பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும். பெட்டி காற்றோட்டமான வராந்தா அறைக்கு இடம் மாறியது. ஜெராக்ஸ் மெஷினுக்குத் தனி லைன் இழுத்தார்கள். கொட்டேஷனில் கேட்ட பணத்தோடு வைத்துப் பார்த்தால் செலவு ஒன்றுமேயில்லை.

அதற்குப் பிறகு எந்த ஆபீஸுக்குப் போனாலும் நானும் நாற்காலி தேட ஆரம்பித்தேன். ஒரு லாட்ஜில் லைனில் இரைச்சல் என்று என்ஜினியர்கள் வந்து வந்து போனார்கள். மழை பெய்கிறபோது வருவதில்லை, விட்டு ஒரு மணி நேரம் கழித்துத்தான் வருகிறது என்று இரவுக் காவலாளி சொன்னார். நீர் மெல்ல இறங்கித் தேங்குகிற கேபிள் ஜாயின்ட்டைத் தேடிப் போக அந்த ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது. அவரிடம் அதுவரை கேட்டவர்கள், ரூம் சாவி எங்கே என்றுதான் கேட்டிருந்தார்கள்.

மில்லில் கடைசியாக சர்வீஸ் ரிப்போர்ட் எழுதும் வேலை பாக்கி. கார்பன் வைத்து மூன்று நகல். பேட்டரி மாற்றியது, இடம் மாற்றியது எல்லாம் எழுதிவிட்டு அண்ணாச்சி அடியில் ஒரு வரி சேர்த்தார்: ‘கோளாறு, ஆபரேட்டர் வைத்திருந்த பதிவைக்கொண்டு கண்டுபிடிக்கப்பட்டது.’

மேனேஜர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். “இதை எதுக்குங்க ரிப்போர்ட்ல எழுதறீங்க?”

“பில்லுல சேக்கமாட்டேன் சார், கையெழுத்துப் போடுங்க” என்றார் அண்ணாச்சி.

பேனாவை எடுப்பதற்குள் பம்பாய் கால் வந்துவிட்டது. ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு, நூல் விலை பேசிக்கொண்டே மூன்று நகலிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.