பிரேக் ஆயில் என்னும் உதாசீனப் பொருள்

காரை சர்வீஸுக்கு விடும்போது எஞ்சின் ஆயிலைப் பற்றி எத்தனையோ விசாரிக்கும் நாம், பிரேக் ஆயிலைப் பற்றி மட்டும் ஏனோ வாய் திறப்பதில்லை. காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்ளும் சுபாவமுடைய அத்திரவம், டாட் 4 தரமாயின், புதிதாக இருக்கையில் 230 டிகிரி செல்சியஸ் வரையிலேனும் கொதியாது தாங்க வேண்டியது. ஈரம் ஏறத்தாழ 3.7 சதவீதம் சேர்ந்தபின் 155 டிகிரியிலேயே கொதித்துவிடக்கூடும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கை மிதித்தபடியே இறங்குகிறவருக்கு, அந்த உஷ்ணத்தில் குழாயினுள் ஆவி உண்டாகி, மிதி பஞ்சுபோல் அமிழ்ந்துவிடும் அபாயம் உண்டு. (கியரைக் குறைத்து இறங்கும் நல்வழக்கம் அருகிவருகிறது என்பது என் அபிப்பிராயம்.) அளவு குறையவில்லையே என்ற சமாதானம் போதாது, அளவு வேறு, குணம் வேறு. தயாரிப்பாளர்கள் பலர் இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். மலைப்பிரயாணத்துக்கு முன் சர்வீஸ் புத்தகத்தில் அதைக் கடைசியாக மாற்றிய தேதியைப் பார்த்துவிடுங்கள்.