மீதி

சென்ற பொங்கல் விடுமுறை முழுவதும் ஓர் எண்ணோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்தேன். 2,14,74,83,647 என்பது அந்த எண். இரண்டின் 31ஆம் அடுக்கில் ஒன்றைக் கழித்தால் வருவது. ஒன்றாலும் தன்னாலும் அன்றி வேறெதனாலும் மீதியின்றி வகுபடாத பகா எண்.

“ஏன் தம்பி, ராத்திரி பகலா ஒரே நம்பரை வகுத்துக்கிட்டு இருக்கியே, இதுல என்ன கிடைக்கும்?” என்றார் அப்பா. பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர். தறிக் கூலியை வாராவாரம் விரல்விட்டு எண்ணிப் பிரிப்பவர்.

“மீதி கிடைக்கும் அப்பா.”

“நம்ம வீட்டுக் கணக்குல அதுதானே வர்றதில்லை!” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பட்டம் வாங்கியதும் நான் வேலைக்குப் போக வேண்டும் என்பது வீட்டின் எதிர்பார்ப்பு. எம்.எஸ்சி. படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

இது பகா எண் என்று 1772இல் நிறுவியவர் கணித மேதை ஆய்லர். அப்போது அவருக்குக் கண்பார்வை ஏறக்குறைய போய்விட்டிருந்தது! ஓர் எண்ணின் வர்க்கமூலம் வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும் என்பது நாம் அறிந்ததே. இங்கே அது 46,340ஐச் சற்றுத் தாண்டும். அதுவரை 4,000க்கும் மேற்பட்ட பகா எண்கள் உள்ளன. ஆய்லர் அத்தனையாலும் வகுக்கவில்லை. இவ்வெண்ணுக்குப் பகாக் காரணி இருக்குமானால், அதை 248ஆல் வகுக்க 1 அல்லது 63தான் மீதி வரும் என்று கண்டார். சோதிக்க வேண்டியவை 372 எண்களாகச் சுருங்கின. அவற்றிலும் பகா எண்களை மட்டும் எடுத்தால் போதும்.

நானும் அவ்வழியே போனேன். 249 மூன்றால் வகுபடும், தள்ளினேன். 311ஆல் வகுத்தேன், மீதி 35. அடுத்த பகா எண் 1,303, மீதி 226. ஒருநாள் இரவு மீதி பூஜ்யம் வந்தது! ஆய்லரே தவறிவிட்டாரோ என்று நெஞ்சு படபடத்தது. காலையில் மீண்டும் போட்டேன். 7ஐ 1 என்று வாசித்திருந்தேன்.

1811இல் பார்லோ என்ற ஆங்கிலேயர், இந்தப் பகா எண்ணிலிருந்து பிறக்கும் நிறைவெண்ணைவிடப் பெரிய நிறைவெண்ணை யாரும் தேடப்போவதில்லை, அவற்றால் பயனில்லை என்று எழுதினார். அப்பா கேட்டதும் அதுதானே! ஆனால் 1876இல் லூக்கா 39 இலக்கப் பகா எண்ணைக் கண்டார். 2024இல் கண்டறியப்பட்ட பகா எண்ணுக்கோ நான்கு கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்கள்.

பயனும் வந்தது. 1969இல் லூயிஸ், குட்மன், மில்லர் ஆகிய மூவர் கணிப்பொறியில் சமவாய்ப்பு எண்களை உண்டாக்க இவ்வெண்ணையே எடுத்துக்கொண்டனர். ஓர் எண்ணை 16,807ஆல் பெருக்கி, நம் எண்ணால் வகுத்து, மீதியை மீண்டும் பெருக்கிக்கொண்டே போனால், 1 முதல் 2,14,74,83,646 வரை ஒவ்வோர் எண்ணும் ஒரே ஒருமுறை வந்த பிறகே தொடங்கிய எண் திரும்பும். அது பகா எண்ணாக இருப்பதே இதற்கு அடிப்படை. பயன்பட்டது மீதிதான்!

அப்பாவிடம் சொன்னேன். “பலன் வர இருநூறு வருஷமா?” என்றார்.

“நான் இன்னும் ரெண்டே வருஷம்தான் கேக்கறேன் அப்பா” என்றேன்.

அப்பா தறிப் பக்கம் போய்விட்டார். பதில் இன்னும் வரவில்லை. ‘முடியாது’ என்றும் சொல்லவில்லை.