ஈர மரமும் எபாக்ஸியும்

பொட்டி தட்டுறவனுக்குப் படகு எதுக்குன்னு கேக்காதீங்க. ஆசை. ஆதம்பாக்கம் வீட்டு மொட்டைமாடியில ஆரம்பிச்சாச்சு.

கால் இஞ்ச் தேக்குப் பட்டைகளை ஒரு மரப்பெட்டிக்குள்ள வச்சு, குக்கர் ஆவியை விட்டேன். ஒரு இஞ்ச் கனத்துக்கு ஒரு மணி நேரம்னு பொதுக்கணக்கு. இதுக்கு 15 நிமிஷம். சூட்டுல மரநாரைப் பிடிச்சிருக்கற லிக்னின் இளகி, பட்டை சொன்ன பேச்சு கேக்குற பிள்ளை மாதிரி வளைஞ்சுது. அன்னிக்கே எபாக்ஸி தடவி, நாலு பட்டையைச் சேர்த்து கிளாம்ப் போட்டு இறுக்கிட்டேன். மறுநாள் கழட்டினா, படக் படக்னு பிரிஞ்சுது.

ஆன்சைட் வேண்டாம்னு சொன்னதுலேர்ந்து மூணு மாசமா பேசாத அப்பா மாடிக்கு வந்தார். "ஈர மரத்துல எதுடா ஒட்டும்? காய விடு."

சரிதான். வளைச்சதை அச்சுலயே ஒரு வாரம் கட்டி வச்சு, காஞ்சப்புறம் தேக்கோட எண்ணெயை அசிட்டோன்ல துடைச்சுட்டுத்தான் ஒட்டணும். ரொம்ப இறுக்கவும் கூடாது, பசையெல்லாம் வெளியே பிதுங்கிடும்.

மெட்ராஸ் கரையில அந்தக் காலத்து மசூலா படகுல ஆணியே கிடையாது. பலகைகளைத் தேங்காநார்க் கயித்தால தைச்சிருப்பாங்க. அலை அடிச்சா உடையாம நெளிஞ்சு குடுக்கும். அப்பா சொல்லித்தான் தெரியும்.

ரெண்டாவது தடவை கிளாம்பைப் பிடிச்சுக்கிட்டது அவர்தான். ஒட்டிடுச்சு மக்களே. பட்டையை மட்டும் சொல்லலை.